ஏழாவது தடையின் கீழ்க்கம்பு

அன்புள்ள சத்யப்பிரியா,

பதினைந்தாம் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கத்துக்கு மிகாமல் வரலாறு எழுதித் தரச் சொன்னாய். உடற்பயிற்சி வாத்தியாரிடம் கேட்டால் இப்படித்தான், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நீண்டுவிடும். போட்டி முடிந்து திங்கட்கிழமை பிரித்துப் படி. மலருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவர்களிடம் கொடு.

முதல் வருடம், அய்யனார் கோவில் போகிற வழியில் மில் முதலாளியின் மாந்தோப்பில் குதிரைப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினோம். ராஜபாளையத்துக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? வந்த நாற்பது பேரில் பாதிப் பேர் நாய்க் கண்காட்சி என்று நினைத்து வந்தவர்கள். வெள்ளிக்கிழமை குதிரை தாளம் தப்பாமல் நடந்து காட்ட வேண்டும். சனிக்கிழமை தோப்பு, ஓடை, மேடு என்று ஓடிப் பன்னிரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குள் தாண்டல். மூன்று நாளும் அதே குதிரை, அதே ஆள். பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிப் போனார்கள்.

தடை கட்டுவது என் பொறுப்பு. ஊட்டியில் பத்து நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்த மாதிரி நிபுணன்.

ஏழாவது தடை ஓடைக்கரையில் குறுக்கே போட்ட தென்னந்தடி. அதற்கு ஒரு முழம் முன்னால், குதிரை வருகிற பக்கம், தரையில் சுண்ணாம்பு அடித்த சவுக்குக் கம்பு ஒன்று கிடக்கும். அது அழகுக்கு இல்லை. ஓடி வருகிற குதிரை அந்தக் கீழ்க்கம்பைப் பார்த்துத்தான் எங்கே எழும்புவது என்று கணக்குப் போடும். கம்பு தடிக்குப் பின்னால் போய்விட்டால் கணக்குத் தப்பும். நெருங்கி வந்து எழும்பும், முன்கால் தடியில் இடிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டுகிறவர்கள் குதிரை இல்லாமல் நடந்து, ஒவ்வொரு தடையையும் எட்டு வைத்து அளந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் தொடக் கூடாது. சனிக்கிழமை காலை சுண்ணாம்புக் கோட்டைப் புதுப்பிக்கப் போகிறவன் மட்டும் உள்ளே போகலாம். அது நான்.

மூன்றாம் வருடம் மழையில் கரை சரிந்து கம்பு தானாகவே பின்னால் போய்க் கிடந்தது. மதுரைப் பையன் ஒருவன் விழுந்து காறையெலும்பு முறிந்தது. அதை யாரோ செல்போனில் எடுத்து ஊர் பூராவும் அனுப்பிவிட்டார்கள். போட்டியை நிறுத்திவிடலாம் என்றிருந்த முதலாளி அடுத்த வருடக் கூட்டத்தைப் பார்த்து மனதை மாற்றிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேன் வேனாக வந்தவர்கள் எல்லாரும் ஏழாவது தடையில்தான் நின்றார்கள். யாருமே விழவில்லை. முகம் வாடித் திரும்பினார்கள்.

ஐந்தாம் வருடம் சுண்ணாம்பு போடும்போது கம்பைப் பின்னால் தள்ளினேன். காலால்தான். கையால் தொடவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. எல்லாரும் விழ மாட்டார்கள். பல குதிரைகள் தட்டுத் தடுமாறித் தாண்டிவிடும், யாரோ ஒருவர் விழுவார். யார் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதையும் ஒரு நியாயமாக வைத்திருந்தேன். அந்த வருடம் குதிரை ஓட்டிய ஒரு போலீஸ்காரருக்கு மணிக்கட்டு போனது. கூட்டம் விசில் அடித்தது.

ஆறாம் வருடம் உன் அக்கா பாண்டீஸ்வரி ஓட்டினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. உன் அப்பா கருத்தையா அந்தத் தோப்பில் வளர்த்த மின்னல் என்ற குதிரை. வெள்ளிக்கிழமை எட்டு வைத்து அளந்துகொண்டே வந்தவள் ஏழாவது தடையில் நின்று கேட்டாள்.

"சார், இந்தக் கம்பு காலைலயும் இங்ஙனயேதான கெடக்கும்?"

"இங்ஙனயேதாம்மா கெடக்கும். நான் இருக்கேம்ல."

சிரித்துவிட்டுப் போனாள். மறுநாள் மின்னல் அவள் மேலேயே புரண்டது. ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட உயிர் வந்து சேரவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்து ஓடினார்கள். நான் முதலில் கம்பை எடுத்து முன்னால் போட்டேன், கையால். அதற்குப் பிறகுதான் நானும் ஓடினேன்.

விசாரித்தவர்கள் தடையில் குற்றமில்லை என்றார்கள். அப்படியானால் சேணத்தின் வார்தான் நெகிழ்ந்திருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. வாரை இறுக்கியவர் உன் அப்பா. அவரும் நம்பிவிட்டார். அத்தோடு அவர் குதிரையைத் தொடுவதை விட்டார். வேலையும் போயிற்று. வருடாவருடம் சனிக்கிழமை மட்டும் வந்து ஏழாவது தடையருகில் நிற்கிறார். என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வார்.

"நாந்தான் சார் செத்த கவனிக்காம விட்டுட்டேன். எம்பிள்ளைய நானே கொன்னுட்டேன்."

"விடுங்க கருத்தையா. யானைக்கே அடி சறுக்கும்."

இந்தப் பதிலை ஒன்பது வருடமாகச் சொல்கிறேன். அவர் பிடித்த கையை வீட்டுக்கு வந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். வெட்கமாக இருக்கிறது சத்யப்பிரியா. அவளைக் கொன்றதைவிட, அவரை நம்பவிட்டதற்கு அதிகம் வெட்கப்படுகிறேன். இரண்டையும் எடை போட எனக்கு என்ன யோக்கியதை என்றும் வெட்கம்தான்.

அந்தத் தடைக்கு அவள் பெயரை வைக்கலாம் என்று கமிட்டியில் சொன்னதும் நான்தான். ஏழாம் வருடமும் எட்டாம் வருடமும் கம்பைத் தொடவில்லை. கூட்டம் மறுபடி கலைந்தது. அவள் பெயரில் இருக்கிற போட்டி அனாதையாகப் போய்விடுமே என்று எனக்குத் தாங்கவில்லை. ஒன்பதாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒருவர் விழுந்திருக்கிறார்கள். ஒருவரும் சாகவில்லை. ஒரு பெண் மட்டும் இன்னும் நடக்கவில்லை.

இன்று சனிக்கிழமை. சுண்ணாம்பு போட்டுவிட்டு வந்து கைகூடக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த வருடத்தோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று மனது அப்படி அடித்துக்கொண்டது. உன் அப்பா வெயிலில் நிற்க வேண்டாம் என்று ஏழாவது தடையருகில் முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். கம்பு தடிக்குப் பின்னால்தான் கிடக்கிறது. முதல் குதிரை கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இங்கிருந்து ஏழாவது தடைக்குப் பத்து நிமிட நடைதான்.

போகத்தான் போகிறேன். ஆனால் எழுத்து ரொம்பக் கோணலாகிவிட்டது, உனக்குப் படிக்கச் சிரமமாக இருக்கும். முதலில் இதை நல்ல தாளில் ஒரு படி எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஜெபக்குமார்