நூறு போட்டா நூத்திப்பதினேழு

யுஸ்ரா: சிரிக்காத வஜ்தி. இந்தக் கோட்டுப் படத்தை இன்னொரு தடவ பாரு.

வஜ்தி: பாத்துட்டேன் தாயே… நூறு பங்கு அலை தகட்டுக்குள்ள போகுது, நூத்திப்பதினேழு வெளிய வருது. நாளைக்கு உன் ஆய்வேட்டைக் கேள்வி கேக்க வர்ற ஜூரி முன்னாடி காட்டு. டாக்டர் பட்டம் என்ன, கரண்ட் ஆபீஸையே எழுதிக் குடுத்துருவாங்க.

யுஸ்ரா: தகடு அலையைத் திங்கணும்ல? அதுக்குத்தான உலகத்துலயே இல்லாத பொருளா பாத்து கம்ப்யூட்டருக்குள்ள செஞ்சது?

வஜ்தி: எங்க திங்குது? வாந்தியில்ல எடுக்குது! கம்ப்யூட்டர் கணக்குப் போட தகட்டைக் கட்டங்கட்டமா வெட்டுதே, அந்தக் கட்டத்தைப் பொடிசாக்கிப் பாத்தியா?

யுஸ்ரா: பொடிசாக்கி, இன்னும் பொடிசாக்கி… மெஷினு மூணு நாள் ஓடுச்சு. அதே நூத்திப்பதினேழு.

வஜ்தி: அப்ப கட்டத்துல இல்ல… நீ திங்குற அந்த ஃப்ரிகாசே பன்னுல ஒரு கடி குடு.

யுஸ்ரா: மொதல்ல பதில்.

வஜ்தி: குறி மாறியிருக்கும். இன்ஜினியருங்க நாம மைனஸ் போடுற எடத்துல இயற்பியல்காரங்க பிளஸ் போடுவாங்க. ரெண்டும் சரிதான். ரெண்டையும் கலந்தா… திங்குற பொருள் கக்க ஆரம்பிச்சுரும்.

யுஸ்ரா: அடேங்கப்பா, ஃபைலைத் தொறக்காமலே சொல்ற!

வஜ்தி: அனுபவம்…

யுஸ்ரா: பொருளோட எண்ணெல்லாம் இருக்கே, அந்த ஃபைலு யாரு எழுதினது?

வஜ்தி: லேப்ல கெடந்திருக்கும்… யாராவது. இப்ப அதுவா முக்கியம்? நாளைக்குப் பத்து மணிக்கு உனக்கு…

யுஸ்ரா: ஒம்போதரை.

வஜ்தி: சரி, ஒம்போதரை! பேசாம அந்தப் படத்தைத் தூக்கிரு. ஜூரில ஸ்ஃபாக்ஸ்லருந்து டூனிஸுக்குக் கார் ஓட்டி வர்ற ஆளு களைப்புல தூங்குவாரு. நம்ம புரொஃபசர் மொதப் பக்கத்தைத் தாண்ட மாட்டாரு.

யுஸ்ரா: உன் ஆய்வேட்டுலயும் தாண்டலையோ?

வஜ்தி: என்னுது வேற. என்னுது… பாஸாகிருச்சு.

யுஸ்ரா: என்னுதுல எண்பத்தொண்ணுதான் வெளிய வருது.

வஜ்தி: என்னது?

யுஸ்ரா: போன வாரமே குறியைத் திருத்திட்டேன். இவ்ளோ நேரம் நீ சிரிச்சது உன்னோட நாலாம் அத்தியாயத்தைப் பாத்து… டாக்டர்.

வஜ்தி: எப்படிக் கண்டுபிடிச்ச?

யுஸ்ரா: நீ எழுதின அந்த ஃபைலுதான் எனக்கும் வந்துச்சு. திருத்தினேன்னு நாளைக்கு நான் சொல்லித்தான் ஆகணும். யாருதுன்னு அவங்க கேப்பாங்க.

வஜ்தி: நீ… சொல்லிருவியா?

யுஸ்ரா: அதுக்கு முன்னாடி நீயே போய் புரொஃபசர்கிட்ட சொல்லு. இன்னிக்கே. ஆமா… உனக்கு எப்பலருந்து தெரியும்?

வஜ்தி: எனக்குப் பட்டம்னு ஜூரி சொன்ன அந்த நிமிஷத்துலருந்து. தெரையில கடைசிப் படம் அப்படியே நிக்குது… ஓரத்துல கோடு நூறைத் தாண்டிக் கெடக்கு. சொல்லத்தான் வாயத் தொறந்தேன் யுஸ்ரா… அதுக்குள்ள எங்கம்மா குலவை போட்டுட்டாங்க.