அந்தி வெளிச்சத்திலும் பிசகாத கண்

எங்கள் கண் மருத்துவமனையின் செயற்கைக் கண் பிரிவிலிருந்து இன்று பணி நிறைவு பெறும் ஓவியரம்மா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

வண்ணம் குழைத்து வாட்டம் தீர்த்தவரே! கண்ணிழந்தோர் முகத்தில் கண்ணெழுதித் தந்தவரே! பொறுமையின் உருவம் என்று இன்று போற்றப்படுபவரே! பொறுமை என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு காலத்தில் பொங்கி எழுந்தவரே! வணக்கம்.

மாலை மயங்கும் இவ்வேளையில் அரங்கின் பெரிய விளக்குகளை ஏற்றாமல், வாசிப்பவர் அருகே ஒரு மேசை விளக்கை மட்டும் வைத்திருக்கிறோமே என்று தாங்கள் முகம் சுளிப்பீர்கள். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கவில்லை அம்மா. காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம், அதுவரை பொறுத்தருள்க.

கடைப் பலகை எழுதும் தொழிலிலிருந்து இங்கே வந்தவர் தாங்கள். ஆளுயர எழுத்தை அரை நாளில் முடித்து, ஏணியை மடக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்ப் பழகிய கை, பொத்தான் அளவு வட்டத்துக்குள் கருவிழியை வரை என்றால் சும்மா இருக்குமா? ஒரு பூச்சு காய்ந்த பிறகே மறு பூச்சு என்பது இத்தொழிலின் விதி. தாங்களோ தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து கண்ணின் மேல் ஊதினீர்கள். வண்ணம் கொப்பளித்தது, தூரிகை சுவருக்குப் பறந்தது. அந்தப் பழுப்புக் கறை இன்றும் அங்கே இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் காவல் காத்தவர்கள் நாங்கள். "ஆச்சா? ஆச்சா?" என்று எல்லோரையும் விரட்டிய தங்களுக்கு 'ஆச்சாம்மா' என்று பெயர் வைத்தவர்களும் நாங்களே. இத்தனை காலம் தங்கள் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டோம், இன்று எட்டிவிட்டது.

அந்த நாட்களில்தான் துணிக்கடை ஒன்றில் பில் போடும் பெண் தங்களிடம் வந்தாள். விபத்தில் ஒரு கண்ணை இழந்தவள். முகம் சரியாகும் வரை வாடிக்கையாளர் முன் வர வேண்டாம் என்று சொல்லி, முதலாளி அவளைக் கிடங்கில் அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார். தேன் நிறக் கண் அவளுக்கு. வெளிச்சம் கொட்டும் ஜன்னலோரம் அவளை உட்கார்த்தி, வழக்கமான வேகத்தில் வரைந்து முடித்தீர்கள். தலைமை மருத்துவரே கைகொடுத்துப் பாராட்டினார். போன வேகத்தில் திரும்பி வந்தாள் அவள்.

"கண்ணு அழகாத்தான் இருக்கும்மா. ஆனா சாயங்காலம் ஆயிட்டா இது மட்டும் முறைச்சுப் பாக்குதுன்னு அண்ணி சொல்றாங்க. கடையிலயும் அதேதான் சொல்றாங்க."

தங்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெயில்ல வந்து நில்லு. எங்க பிசகுதுன்னு காட்டு பாப்போம்!"

"வெயில்லயே நான் வாழ முடியுமாம்மா?"

பிசகு எங்கே என்பது அந்த நொடியே தங்களுக்கு விளங்கிவிட்டது. வெளிச்சத்தில் உயிருள்ள கண்ணின் நடுப்புள்ளி சுருங்கும், மங்கலில் விரியும். சுருங்கிய புள்ளியை அப்படியே வரைந்து விட்டுவிட்டீர்கள். மாலையில் ஒரு கண் விரிந்தது, மறு கண் குத்திட்டு நின்றது. "என் கைத்தப்பு இது. சரியா வர்ற வரைக்கும் உன்னை விடமாட்டேன்" என்று அவளிடம் சொன்னீர்கள். சொன்னதோடு நிற்கவில்லை.

வண்ணப் பெட்டியை மூடிவிட்டு வெறும் பென்சிலை எடுத்தீர்கள். அவள் பேருந்தில் உட்கார்ந்தால் எதிர் இருக்கையில் தாங்கள். கிடங்கில் பெட்டி மடித்தால் பெட்டிகளுக்கு நடுவே தாங்கள். அவள் வீட்டுச் சமையலறையில் ஒற்றை பல்பின் கீழ் நின்றுகொண்டு அவளுடைய நல்ல கண்ணை வரைந்தபோது, "ஒரு கண்ணுக்கு இத்தனை படமா?" என்று அவள் அண்ணி அலுத்துக்கொண்டதையும் அறிவோம். வரைய வரையத்தான், கை ஓடுவதற்கு முன் கண் நிற்க வேண்டும் என்பது பிடிபட்டதாகத் தாங்களே பின்னர் எங்களிடம் சொன்னீர்கள். வெண்விழி வெள்ளை இல்லை, ஓரத்தில் மெல்லிய நீலமும் மஞ்சளும் உண்டு என்று கண்டீர்கள். நரம்புக்குச் சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து ஒட்டினீர்கள். நடுப்புள்ளியைச் சிறிதும் பெரிதுமின்றி இடைப்பட்ட அளவில் வைத்து, அதன் விளிம்பைக் கூர்மையாக விடாமல் தேன் நிறத்தோடு கரைத்தீர்கள்.

தலைமை மருத்துவர் வந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? இன்னிக்கே குடுத்து அனுப்பிடுங்களேன்."

"காயட்டும் டாக்டர்" என்றீர்கள். 'ஆச்சாம்மா'வின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த அன்று, மருந்தகத்திலிருந்து மாடிப்படி வரை அதே பேச்சு!

அதன் பிறகு தங்களிடம் கண் பெற்றுச் சென்றோர் ஏராளம். அவசரப்பட்டோர் அனைவருக்கும் தங்கள் விடை அந்த ஒரே சொல்தான். தங்களைத் திட்டிக்கொண்டே காத்திருந்து, வாழ்த்திக்கொண்டே வீடு திரும்பினார்கள். கோபம் தங்களை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். அதைத் தூரிகையின் நுனிவரை வரவிடாமல் நிறுத்தக் கற்றீர்கள், அதுவே பெரிது.

மாசற்ற கலையரசியே! உடல்நலமும் மனநிறைவும் குன்றாமல் நெடுங்காலம் வாழ்வீராக! அவசரமின்றி உண்டு, ஆழ்ந்து உறங்கி, விரும்பியதை எல்லாம் வரைந்து மகிழ்வீராக! எது காயவில்லை என்றாலும் இனி "ஆச்சா?" என்று எங்களைக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது விளக்குக் கணக்கு. பில் போடும் மேசைக்கே தலைநிமிர்ந்து திரும்பிய அந்தப் பெண், பின்னர் நம் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு வந்தாள். கண்ணிழந்து வருவோரை முதலில் எதிர்கொள்ளும் முகம் தன்னுடையதாக இருக்கட்டும் என்று கேட்டு வந்தாள். இம்மடலைத் தங்கள் முன் நின்று வாசிப்பவள் அவள்தான். பெரிய விளக்கை ஏற்ற வேண்டாம் என்றதும் அவளே. புதிதாக வந்த பணியாளர்கள் பலருக்கு இச்செய்தி இந்த நொடிவரை தெரியாது. அந்தி வெளிச்சம்தான் அம்மா. நிமிர்ந்து பாருங்கள். தாங்கள் வரைந்த கண்ணும் வரையாத கண்ணும் ஒருசேரத் தங்களையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இங்ஙனம்,
கறை படிந்த சுவரை இனியும் காக்கப்போகும்
கண் மருத்துவமனைப் பணியாளர்கள்