செத்துப்போன காப்புரிமையும் சின்னப்பொண்ணுவின் மூன்று விரல்களும்

தலைமை ஏற்றுத் தளராமல் அமர்ந்திருக்கும் பெரியவர் ஆதிநாராயணன் அவர்களே! பகலெல்லாம் உலையின் முன்னே உருகிவிட்டு, மாலையில் இந்த மைதானத்தை நிறைத்திருக்கும் உழைப்பின் உருவங்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் தூக்குச்சட்டியுமாக ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! கும்மிடிப்பூண்டியில் சிறுதொழில் நடத்திச் சிரமப்படும் முதலாளிமார்களே! உங்கள் அனைவருக்கும், திருவள்ளூரில் பிறந்து இந்த வட்டாரத்தில் டைப் அடித்துப் பிழைக்கும் ஸம்பத்குமாரின் பணிவான வணக்கம்.

'தொழில் வளர்ச்சியில் காப்புரிமையின் பங்கு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வளர்ச்சியாம்! பங்காம்! கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் பொங்கியது, ஐயா. காப்புரிமை என்றால் என்ன? நாம் பேட்டண்ட் என்கிறோமே, அதுதான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு, 'இத்தனை ஆண்டுக்கு இது உன்னுடையது, உன்னைக் கேட்காமல் இன்னொருவன் செய்யக்கூடாது' என்று சர்க்கார் எழுதிக் கொடுக்கும் காகிதம். நல்ல காகிதம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதம் நம் ஊரில் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

இரண்டாண்டுக்கு முன்பு, தை மாதம். நம் குப்புராஜ் முதலாளியின் பட்டறையில் டப்பா மூடி அடிக்கும் பிரஸ் மெஷின்கள் நான்கு. அதில் ஒன்றில் கன்னியம்மாவின் இரண்டு விரல்கள் போயின. கையை எடுப்பதற்குள் அச்சு இறங்கிவிட்டது. அன்றைக்கு அந்தப் பட்டறையின் ஃபிட்டர் தாவீது சோறு உண்ணவில்லை. மூன்று வாரம் பழைய இரும்போடு மல்லாடினார். மெஷினுக்கு ஒன்றாக இரும்புக் கம்பியில் சின்னக் கதவு செய்தார். கதவு மூடினால்தான் அச்சு இறங்கும். கதவுக்குள் கை இருந்தால் கதவு மூடாது, கதவு மூடாவிட்டால் அச்சு அசையாது! அவ்வளவுதான் சங்கதி. அந்த எளிய சங்கதி ஏழு மாதம் அந்தப் பட்டறையில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவிடவில்லை.

கை தட்டாதீர்கள். இன்னும் கதை இருக்கிறது.

எட்டாம் மாதம் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கடல் கடந்த ஒரு கம்பெனிக்காக அனுப்பியது. 'இப்படிப்பட்ட கதவுக்கு எங்களிடம் பேட்டண்ட் இருக்கிறது. முப்பது நாளில் கழற்றாவிட்டால் வழக்கு' என்று இங்கிலீஷில் மூன்று பக்கம். குப்புராஜ் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். நான் படித்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற தாவீது கேட்டார்:

"இன்னா சார் இது? அவன் மூஞ்சியக்கூட நான் பார்த்ததில்ல. அவன் ஊடு எங்கியோ, என் ஊடு எங்கியோ. கன்னியம்மா கையப் பார்த்துதான சார் நான் செஞ்சேன்?"

நியாயமான கேள்விதானே? ஆனால் அடுத்தவன் பொருளைப் பார்த்துச் செய்தவனையும் பார்க்காமல் செய்தவனையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. சரி, உரிமம் கேட்போம் என்று அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். 'இந்தக் கதவை நாங்கள் தனியாகத் தருவதில்லை, செய்யவும் அனுமதிப்பதில்லை. எங்கள் முழு மெஷினை இறக்குமதி செய்துகொள்ளுங்கள்' என்று பதில் வந்தது. தானும் இங்கே செய்ய மாட்டான், செய்கிறவனையும் விட மாட்டான்! இதற்குப் பெயர் கண்டுபிடிப்பைக் காப்பதா? கதவைக் காத்தார்கள், கையை யார் காத்தார்கள்?

அங்கே ஒரு அன்பர், "யார் சார் கழட்டச் சொன்னது?" என்கிறார். கேளுங்கள், நன்றாக உரக்கக் கேளுங்கள். நான்தான்! வழக்கு வந்தால் பட்டறையே போய்விடும் என்று பயந்து, "கழற்றிவிடுங்கள்" என்று சொன்னவன் இதோ உங்கள் முன் நிற்கும் நான்தான். தாவீது நான்கு கதவுகளையும் கழற்றினார்.

நாற்பத்தோராம் நாள் அதே பட்டறையில் சின்னப்பொண்ணுவின் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தத் தாய் என்னிடம் கோபப்படவில்லை. "அந்தக் கதவு நல்லாத்தான சார் வேல செஞ்சிக்கினு இருந்திச்சி? அத ஏன் கழட்டினீங்க?" என்றுதான் கேட்டார். குப்புராஜ் முதலாளி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். எனக்கு அழக்கூடத் தகுதி இல்லை.

அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அந்தப் பேட்டண்டை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தேனா? இல்லையே! பதிவேடு எங்கே இருக்கிறது? கல்கத்தாவில். ஹவுரா மெயிலில் ஏறினேன். அங்கே ஒரு குமாஸ்தா, தங்கமான மனிதர், தடித்த புத்தகத்தைப் புரட்டி ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய புதுப்பிப்புக் கட்டணத்தை அந்தக் கம்பெனி 1968இலேயே நிறுத்திவிட்டது. அந்தப் பேட்டண்ட், நமக்கு நோட்டீஸ் வருவதற்கு மூன்றாண்டு முன்பே செத்துவிட்டது! செத்த காகிதம், ஐயா! உயிரில்லாத உரிமைக்கு, உயிருள்ள விரல்களை நான் பலி கொடுத்திருக்கிறேன். தெரிந்தே அனுப்பினார்களா, தெரியாமல் அனுப்பினார்களா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்கு என்ன வழி இருந்தது? ஆயிரம் மைலுக்கு அப்பால், அந்நிய மொழியில், அலமாரிக்குள்ளே இருக்கிறது அவன் விரலின் விதி!

திரும்பி வந்து பட்டறையில் சொன்னேன். தாவீது அன்றைக்கே கதவுகளை மாட்டினார். சின்னப்பொண்ணு மட்டும், "அப்போ என் வெரலு சும்மாவா சார் போச்சி?" என்றார். இந்தக் கேள்விக்குப் புதுச் சட்டத்தில் பதில் இருக்கிறதா? போன ஆண்டு நடைமுறைக்கு வந்த புது பேட்டண்ட் சட்டத்தில் நல்ல அம்சங்கள் பல இருக்கின்றன, பாராட்டுகிறேன். ஆனால் பதிவேடு நம் பக்கத்தில் வர வேண்டும்! நம் பாஷையில் வர வேண்டும்! தானும் செய்யாமல் பிறரையும் செய்ய விடாமல் தடுப்பவனிடமிருந்து அந்த உரிமை பறிக்கப்பட வேண்டும்!

கண்டுபிடித்தவனுக்குப் பலன் வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். வேண்டும். தாவீது அந்தக் கதவை இப்போது காலால் மிதித்தாலே பூட்டிக்கொள்ளும்படி திருத்தியிருக்கிறார். புத்தம் புதிய யோசனை. பேட்டண்ட் விண்ணப்பத்தை நானே டைப் அடித்து, அவர் வரைந்த கதவுப் படத்தையும் சேர்த்து, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினேன். அவர் அதை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"எனக்கும் ஆசதான் சார். மூணு புள்ளிங்க. ஆனா நாளைக்கு எங்கியோ ஒரு ஃபிட்டரு என்னாட்டமே யோசிச்சி செய்வான். அவன் கைல என் பேர்ல ஒரு நோட்டீஸ் போய் நிக்கும். அந்தப் பேஜாரு வேணாம். படத்த எல்லாருக்கும் குடுத்துடுங்க."

நண்பர்களே, ஊரறிய வெளியிட்ட ஒன்றுக்கு இனி எவனும் புதிதாக உரிமை கேட்க முடியாது. அதற்காகத்தான் இந்த மேடை. அந்தப் படத்தை அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறோம். அளவுகள் தமிழில் இருக்கின்றன. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பலன் வேண்டிய மனிதன் அதை விட்டுக்கொடுக்கும்படி செய்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு இல்லை. தாவீதின் பெருந்தன்மையைப் பாராட்டுங்கள். ஆனால் அதைக் காட்டி அந்தச் சட்டத்தை மன்னித்துவிடாதீர்கள்!

படத்தைச் சின்னப்பொண்ணு அம்மாள் தம் கையாலேயே வரிசையாகக் கொடுப்பார். வாங்கிச் செல்லுங்கள். உங்கள் மெஷினில் மாட்டுங்கள். யாரையும் கேட்க வேண்டாம். பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், பொங்கிக் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி, பத்து விரலும் பத்திரமாக வீடு திரும்புங்கள் என்று வேண்டி வணங்கி அமர்கிறேன். வணக்கம்.