பழைய வாஷர்

ஸ்டேஷன் டியூப்லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் திருகிவிட்டால் நின்று எரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். இன்ஸ்பெக்டர் ஐயா லத்தியால் அதைத் தட்டுகிறார். தட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆண்களைப் பதினோரு வருஷமாகப் பார்த்து வருகிறேன்.

என் கணவர் குழந்தைவேலும் அந்த ரகம்தான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, பேட்டரியை மாற்றச் சொல்வார். பிறகு காயிலை. அப்புறம் டயரடியில் எலுமிச்சம்பழம். அவர் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் கோளாறைக் கண்டுபிடிப்பது நான்தான். இது வெளியில் யாருக்கும் தெரியாது.

லாட்ஜ் ராமசாமியின் வேன் ஓடும்போதே செத்துப்போகும். பானெட்டைத் தட்டினால் மறுபடி கிளம்பும். இரண்டு நாள் குழந்தைவேல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் நான் பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லாம்ப்பை எடுத்தேன். சாவியைத் திருப்பினால், எஞ்சினுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் இக்னிஷன் ரிலேவுக்குப் பேட்டரியிலிருந்து கரண்ட் வந்தது. சாவியிலிருந்தும் வந்தது. ரிலேவைத் தாண்டிப் போகவில்லை. அதன் எர்த்தைத் தனி வயரால் பாடியில் தொட்டேன். ரிலே 'டக்' என்று இழுத்தது. எர்த் வயரின் போல்ட் தளர்ந்து, வாஷர் துருவாகியிருந்தது, குலுங்கினால் விட்டுப்போகும். புது வாஷர் போட்டு முடுக்கினேன். பத்து நிமிஷம்.

சாயங்காலம் ராமசாமி வந்து ஓட்டிப் பார்த்தார். "குழந்தைவேலு கை பட்டா வண்டி பேசுதப்பா" என்றார்.

"எர்த்துதானுங்க விட்டிருந்துச்சு. நாந்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டீங்களா? எங்க ஊட்டுக்காரி எர்த்துப் பாக்கறாளாம். வெக்கற ரசத்துல உப்பு இருக்குதா இல்லியான்னே இவளுக்குத் தெரியாதுங்க" என்றார் குழந்தைவேல். வெகுநேரம் சிரித்தார்கள்.

மறுநாள் லாட்ஜுக்கு வரும் ஆட்களை அழைத்து வர, கடையிலேயே நின்ற வேனைக் குழந்தைவேலே சேலத்துக்கு ஓட்டுவதாக இருந்தது. விடிந்ததும் புது வாஷரைக் கழற்றிப் பழையதைப் போட்டேன். போல்ட்டை முன்பிருந்த அளவுக்குத் தளர்த்தினேன். நான் புதிதாக எதையும் கெடுக்கவில்லை. என் வேலையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று இந்த ஊர் டிரைவர்கள் சாவியை அணைத்து நியூட்ரலில் விடுவார்கள். எஞ்சின் ஓடாவிட்டால் அந்த வேனின் பிரேக் இரண்டு மூன்று மிதியிலேயே கல்லாகிப் பிடிக்காமல் போய்விடும். அதனால் வளைவுக்கு முன்னால் சாவியைப் போட்டு எஞ்சினை எழுப்பிக்கொள்வார்கள். குழந்தைவேலுக்கு அந்தச் சாமர்த்தியத்தில் தனிப் பெருமை. சாவி போட்டால் ரிலே இழுக்க வேண்டுமே என்று அவர் யோசித்திருக்க மாட்டார். நான் யோசித்தேன்.

கிளம்பும் சமயத்தில் கிளியூர் வேலம்மாள் ஆரஞ்சுக் கூடையோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள். "இந்தா கண்ணு" என்று ஜன்னல் வழியாக ஒரு பழம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நான்காவது கொண்டை ஊசி வளைவில் வேன் உருண்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று பத்தரைக்குச் செய்தி வந்தது. பழத்தை அதற்குள் தின்றிருந்தேன். கொஞ்சம் புளிப்பு.

இதையெல்லாம் இன்ஸ்பெக்டரிடம் சொல்லி முடித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, இரக்கப்பட்டார். புருஷன் போன அதிர்ச்சியில் உளறுகிறேனாம். தானே ஒரு தாளில் எழுதி என் முன்னால் வைக்கிறார். 'எனக்கு வண்டி வேலை எதுவும் தெரியாது. வண்டியைத் துடைக்கும்போது கை பட்டுப் போல்ட் தளர்ந்திருக்கலாம்.'

"கையெழுத்தப் போட்டுட்டு ஊட்டுக்குப் போம்மா. பொம்பளைக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

இரண்டு முறை படிக்கிறேன். அதில் வேலம்மாள் பெயரே இல்லை. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குப் பொய் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

பேனாவை மூடித் தாளின் மேல் வைக்கிறேன்.

"முதல் வரி தப்புங்க ஐயா."