நினைவு மலருக்கு நாலு வரி

உட்கார் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். வெல்டு வைத்தவன் நான்தான், ஆனாலும் ஆடும்.

அப்பாவின் நினைவு மலருக்கு நாலு வரி கேட்கிறாய். ‘கடைசி நேரத்துல கூட இருந்தது நீங்கதானே பெரியப்பா’ என்கிறாய். வாஸ்தவம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள். கொச்சையாக வருவதைப் புத்தகத் தமிழாக்கிக்கொள், உன் அப்பாவுக்குப் பிழை ஆகாது. சங்கதியை மட்டும் மாற்றாதே. நாலு வரிக்குக் கொஞ்சம் கூடப் போகும்.

முதல் வரி: வாத்தியார் தங்கமான மனிதர். எல்லாரும் அப்படித்தான் எழுதித் தந்திருப்பார்கள். நான் ஒருவன் எதற்கு மாற்றிச் சொல்லிப் பேர் எடுக்க வேண்டும்.

நாற்பது வருடம் அவர் எனக்குப் படித்துக் காட்டினார். கரண்ட் ஆபீஸ் காகிதம், கல்யாணப் பத்திரிகை, பஸ் போர்டு எல்லாம். கேட்டாலும் படிப்பார், கேட்காவிட்டாலும் படிப்பார். ‘இங்கே துப்பாதீர்’ என்று சுவரில் எழுதியிருந்தால் நின்று அதையும் படித்துக் காட்டுவார், நான் துப்பிவிடுவேனோ என்ற அக்கறையில். படித்து முடித்ததும் தோளில் ஒரு தட்டு. ‘நாலு எழுத்து படிச்சிருக்கலாம்ல, பட்டறை?’ என் இரும்புப் பட்டறையை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. பேரை மட்டும் அவர் மூடவில்லை.

வெளிநாட்டுக்குப் போய்வரலாம் என்று கிளப்பிவிட்டது கம்பவுண்டர். காலையில் ஒன்றாக நடக்கிற மூன்று கிழங்கள் நாங்கள்; நடக்கிற காலம் வரைக்கும்தான் எங்கும் போக முடியும் என்றான். நியாயமாகப் பட்டது. விமானத்தில் சீட்டு முதுகில் செருகியிருந்த அட்டையை உன் அப்பா முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எனக்குப் படித்தார். ‘பட்டறை, தண்ணியில விழுந்தா இந்த விசில ஊதணுமாம்.’ அவர் படிக்காமல் இருந்திருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு தோள்பை. அதைத் தூக்குவது நான். படித்தவர்களுக்குத் தோள் வலிக்கும். அதில் உன் அப்பாவின் மூச்சிரைப்பு மருந்து இருந்தது. வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற மருந்து, இரண்டு. ஒன்று காலையும் மாலையும் தவறாமல் உறிஞ்ச வேண்டியது. இன்னொன்று மூச்சு முட்டினால் அந்த நிமிடமே உறிஞ்ச வேண்டியது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை, ஒரே உயரம். எழுத்து மட்டும் வேறு. ‘அண்ணே, இது தெனசரி, இது அவசரம். மாத்திடாதீங்க’ என்று போய் இறங்கிய அன்றே அறையில் கம்பவுண்டர் என் கையில் கொடுத்துச் சொன்னான். சரி என்றேன். அவன் குளிக்கப் போனான்.

மூன்றாம் நாள் அந்த ஊரில் சீனர்கள் குடியிருக்கிற பேட்டைக்குக் கூட்டிப்போனார்கள். கம்பவுண்டருக்குக் கால் வீங்கி அறையிலேயே படுத்துவிட்டான். டூர்க்காரப் பெண் எங்களைப் பெரிய வளைவுக்குக் கீழே இறக்கிவிட்டு, நாலு மணிக்கு இதே இடத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வளைவில் இரண்டு பக்கமும் பச்சை நாகம் மாதிரி ஏதோ ஒன்று, நாலு காலோடு. கீழே இரண்டு கல் சிங்கங்கள். இடது சிங்கத்துக்குக் காது உடைந்திருந்தது. உடனே மனதில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே நுழைந்தால் சிவப்பு விளக்குகளும் போர்டுகளும்தான். ஒன்றின் மேல் ஒன்றாக, நிறுத்தி வைத்த போர்டு, படுக்க வைத்த போர்டு. எல்லாம் சீன எழுத்து. உன் அப்பா தலையை நிமிர்த்தினார். வழக்கம்போல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அப்படியே மூடிக்கொண்டார். நாற்பது வருடத்தில் அவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

எனக்கு அந்தத் தெரு புதிதாகவே இல்லை. பிறந்ததிலிருந்து நான் நடக்கிற தெரு அதுதான். நம் ஊர்க் கடைத்தெருவும் எனக்கு இப்படித்தான் இருக்கும், கோடும் கொம்புமாக. நான் போர்டைப் பார்ப்பதில்லை. காது உடைந்த சிங்கம், மீன் தொட்டி வைத்த கடை, சொட்டுகிற குழாய், பச்சைக் கதவு, கட்டையை வைத்து விளையாடுகிற நாலு கிழவர்கள். அவ்வளவு போதும், கண்ணைக் கட்டிவிட்டாலும் திரும்பி வந்துவிடுவேன்.

‘பட்டறை, இப்ப எந்தப் பக்கம்?’ என்று கேட்டார் உன் அப்பா.

‘மீன் தொட்டிக்கு இந்தப் பக்கம், வாத்தியாரே.’

‘எப்படிய்யா கண்டுபிடிக்கிற?’

‘நாலு எழுத்து படிக்காததுனாலதான்.’

சிரித்தார். நானும் சிரித்தேன். இதை மலரில் போடலாம், நன்றாக இருக்கும். ஒரு மணி நேரம் நான் முன்னால் நடந்தேன், அவர் என் சட்டையைப் பிடிக்காத குறையாகப் பின்னால் வந்தார். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்தோம். தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன மர இழுப்பறைகள், முந்நூறாவது இருக்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் மையால் எழுதியிருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு கிழவர் எழுத்தைப் பார்க்காமலேயே இழுத்து இழுத்து வேரும் பட்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மனிதர் எனக்குப் பிடித்துப்போனார். மூலையில் ஒரு பெண் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். கடை முழுக்கத் தூசி.

உன் அப்பா அந்த இழுப்பறைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘எல்லாத்துலயும் எழுதித்தான் வச்சிருக்கான், பட்டறை. எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தி எடுத்துட்டா என்ன ஆகும்?’ என்றார். சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், ஞாபகம் இருக்காது. அவளுக்குக் காய்ச்சலும் முட்டி வலியும். கம்பவுண்டர் இரண்டு மருந்து கலந்து கொடுத்தான், ஒன்று குடிக்க, ஒன்று மேலே பூச. இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்புப் பாட்டில். குடிக்கிற பாட்டிலின் கழுத்தில் நான் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். மூன்று நாள் ஒரு குழப்பமும் இல்லை. நாலாம் நாள் மதியம் பட்டறையிலிருந்து வந்தால் அவள் அனத்திக்கொண்டு கிடக்கிறாள். இரண்டு பாட்டிலிலும் நூல் இல்லை. இரண்டிலும் காகிதம் ஒட்டியிருந்தது. நூல் கழன்று விழுந்திருக்கும், காகிதம் கம்பவுண்டர் ஒட்டியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மோந்து பார்க்க எனக்கு மூக்கு கிடையாது, அதைப் பட்டறைப் புகை எப்போதோ தின்றுவிட்டது. ஒரு பாட்டிலை எடுத்தேன். இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தேன். அவளும் நான் கொடுக்கிறேனே என்று குடித்தாள்.

துக்கத்துக்கு வந்த இடத்தில் உன் அப்பா நாலு பேர் காதுபடச் சொன்னார், ‘நாலு எழுத்து படிச்சிருந்தா அந்தம்மா பொழைச்சிருக்கும்.’ உண்மைதானே. நூலைச் சரியாக முடிச்சுப் போடாத கையை இருபது வருடம் நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சீன மருந்துக் கடையில் உன் அப்பா மெதுவாகச் சொன்னார்: ‘பட்டறை, ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் காலையில உன் வீட்டுக்குப் பார்க்க வந்தேன்ல. அந்தச் செவப்பு நூலை அவுத்துப் போட்டது நான்தான். மருந்து வழிஞ்சு பிசுபிசுன்னு ஈ மொய்ச்சுது. துடைச்சு, அழகா எழுதி ஒட்டினேன். உனக்குப் படிக்கத் தெரியாதுங்கிறது அந்த நேரம் தோணவே இல்லய்யா.’

நான் இழுப்பறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘உனக்கு அன்னிக்கு இப்படித்தான இருந்திருக்கும்? கோவமா?’

‘இல்ல வாத்தியாரே. இருபது வருஷம் ஆச்சு. விடுங்க.’

நிஜமாகவே கோபம் இல்லை, அம்மா. அதை அடிக்கோடு போட்டு எழுது. கோபப்பட்டவன் கையை ஓங்குவான், கத்துவான். நான் அவர் இருமுவதைப் பார்த்து, ‘தூசி ஒத்துக்கல. வெளிய நில்லுங்க, தண்ணி வாங்கிட்டு வரேன்’ என்றுதான் சொன்னேன். கோபக்காரன் தண்ணீர் வாங்கப் போவானா?

பை என் தோளில் இருந்தது.

எதிர்ப்பக்கம் மாடியில் ஒரு டீக்கடை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் டீ கொடுத்தார்கள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. குடிக்க ஒன்றும் மோசமில்லை. கீழே உன் அப்பா பத்து நிமிடம் போல நின்றார். பிறகு என்னைத் தேடி நடந்தார். நேராகப் போய், வலது பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கமாக அதே கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார். அது அதே கடை என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு போர்டுக்குக் கீழேயும் நின்று அண்ணாந்து பார்த்தார், கொஞ்சம் முயற்சி செய்தால் படித்துவிடலாம் என்கிற மாதிரி. பச்சைக் கதவைப் பார்த்திருக்கலாம். சொட்டுகிற குழாய் காலடியில்தான் இருந்தது. படித்தவர்கள் குழாயை எங்கே பார்க்கிறார்கள்.

யாரிடமாவது கேட்கலாம் இல்லையா? இரண்டு பேர் பக்கம் போனார், வாயைத் திறந்தார், திரும்பிவிட்டார். அவருடைய இங்கிலீஷில் ஒரு பிழை இருக்காது, அதைப் பேசிக் காட்டத்தான் அங்கே ஆள் இல்லை. ‘இது என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சாமி’ என்று கையை நீட்டிக் கேட்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அது எனக்கு அறுபது வருடப் பழக்கம். அவருக்கு இல்லை.

மூன்றாவது சுற்றில் கையை நெஞ்சில் வைத்தார். சட்டைப் பையைத் தடவினார். அப்புறம் தன் தோளைத் தடவினார், பை அங்கே இருக்கிற மாதிரி. கடைப் படியில் உட்கார்ந்தார். கிண்ணத்தில் பாதி டீ மிச்சம் இருந்தது. நான் எதையும் வீணாக்குகிறவன் இல்லை.

கூட்டம் சேர்ந்த பிறகு இறங்கிப் போனேன். எல்லாரும் வழி விட்டார்கள். மருந்துக் கடைக் கிழவர் உன் அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். உன் அப்பாவின் கண் என்னைப் பார்த்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டும், மகளுக்குத் தெரிய வேண்டிய விஷயம். நான் பையை அவர் பக்கத்தில் வைத்து, திறந்து, மருந்தை எடுத்தேன். வாயில் வைத்து அழுத்தினேன். எடுத்தது தினசரி மருந்து. அவர் தலையை ஆட்டினார், இது இல்லை என்று. மறுபடியும் அதையே அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாலு தடவை அழுத்தியிருப்பேன். பார்த்தவர்கள் எல்லாரும் கண் கலங்கினார்கள்.

அந்த ஊர்ப் போலீஸ் தங்கமானவர்கள். யாரோ ஒரு பெண் போன் வழியாகத் தமிழாக்கிச் சொன்னாள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். தண்ணீர் வாங்கப் போனேன், வழி தவறிவிட்டது, மருந்து மாறிவிட்டது என்றேன். எழுதியதைப் பார்த்து எடுக்கவில்லையா என்று கேட்டார்கள். எனக்குப் படிக்கத் தெரியாதுங்கய்யா என்றேன். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. அந்த அதிகாரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எந்த நாட்டுக்குப் போனாலும் என் தோளைத் தட்டுவதற்கு ஒரு படித்தவர் இருக்கிறார். ‘நான் சொல்லித்தான் கொடுத்தேன், பாவம், அண்ணன் குழம்பிட்டாரு’ என்று கம்பவுண்டரே எனக்காக அழுதான். விமான நிலையத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உங்களுக்கு எப்படித் தெரியும் பெரியப்பா’ என்றாய். உங்கள் வீட்டு வாசலில் யாரோ ஒருவர் பின்னால் நின்று, ‘நாலு எழுத்து படிச்சிருந்தா வாத்தியார் பொழைச்சிருப்பார்’ என்று சொன்னார். எவ்வளவு பழகிய பேச்சு.

நான் பொய் சொன்னேன் என்று நீ நினைக்கலாம். வழி தவறியது என்றது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி எனக்குப் படிக்கத் தெரியாது என்பது சத்தியம். படிக்கத் தெரியாதவன் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பான் என்று ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதிகாரி கேட்கவில்லை. கம்பவுண்டர் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

உன் அப்பா மட்டும் கேட்காமலேயே தெரிந்துகொண்டார். நான் மூன்றாவது தடவை அழுத்தும்போது அவர் கண், திறந்து கிடந்த பைக்குள் போனது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக என் முகத்துக்கு வந்தது. அந்தத் தெரு முழுக்க அவர் படித்தது அது ஒன்றுதான். ஆனால் பிழையில்லாமல் படித்துவிட்டார். அதற்கப்புறம் தலையை ஆட்டவில்லை. நாலாவது தடவை நான் அழுத்தியபோது என் வீட்டுக்காரி மாதிரியே பேசாமல் வாங்கிக்கொண்டார்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டாய்? இன்னும் ஒரு வரிதான்.

அப்பாவின் சாமான்களை உன்னிடம்தான் ஒப்படைத்தார்கள். வீட்டுக்குப் போய் அதில் அந்த இரண்டு மருந்தையும் எடுத்துப் பார். அவசர மருந்தின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். முதல் நாளே, கம்பவுண்டர் குளித்துவிட்டு வருவதற்குள் நான் கட்டியது. இந்தத் தடவை முடிச்சு நன்றாகவே விழுந்திருக்கிறது. அசிங்கமாக இருக்கிறதே என்று நீயும் அதை அவிழ்த்துப் போட்டுவிடாதே, அம்மா. அவிழ்த்துவிட்டால் எது எது என்று தெரியாமல் போய்விடும்.