ஐந்தாம் கட்டத்தில் யாருமில்லை

மன்றத்தின் மாண்பையும் இந்தப் பழைய மைக்கையும் ஒருசேரக் காத்துவரும் தலைவர் காதர் மைதீன் ஐயா அவர்களே, கையில் மணியும் நாவில் தமிழுமாக நிற்கும் நெறியாளர் நிரஞ்சனா அக்கா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே, முழங்கால் வலியை முன்னால் அனுப்பிவிட்டு அதன் பின்னால் படியேறி வந்த தாய்மார்களே, தெம்பனிஸிலிருந்தும் சுவா சூ காங்கிலிருந்தும் ரயில் மாறி ரயில் மாறி லிட்டில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த தம்பி தங்கைகளே, நன்கொடையாளர் நாற்காலியில் நலமாய் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவன மேலாளர் லொரைன் மேடம் அவர்களே, உங்கள் அனைவரையும் வேய்ன் சவரிராஜ் வணங்குகிறேன்.

நிரஞ்சனா அக்கா என்னை அறிமுகப்படுத்தும்போது, 'படிப்பைப் பாதியில் விட்டாலும் பாதையை விடாத இளைஞர்' என்றார்கள். பாதி சரி. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு நான் படிப்பை விட்டேன். வறுமை இல்லை, வருத்தம் இல்லை. காலையில் எழ முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் என்னை விவாத மேடை ஏற்றினார்கள். அழகாகப் பேசக் கற்றுக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் பேசுவது என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அந்தப் பயிற்சிதான் எனக்கு இந்த விற்பனை வேலையை வாங்கித் தந்தது.

இன்று எனக்குத் தந்த தலைப்பு, 'தோலே வாசல், ஒளியே மருந்து'. பேச வேண்டிய தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. முதல் வரி இது: 'இருளை விரட்டுவது விளக்கு, வலியை விரட்டுவது எங்கள் ஒளிப்பட்டை.' நல்ல வரி. எழுதியவனே நான்தான். அதை இன்று படிக்கப் போவதில்லை.

என்ன சார், பின்னால கேக்கலையா? மைக்கைக் கிட்ட வச்சுக்கறேன். இப்ப கேக்குதா? நல்லா கேளுங்க.

அந்த ஒளிப்பட்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். துணிப் பட்டை. உள்பக்கம் மாதுளை முத்து பதித்தாற்போலச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். முழங்காலிலோ பாதத்திலோ சுற்றிக்கொண்டு பொத்தானை அழுத்தினால், ஒளி தோல் வழியே உள்ளே இறங்கி வலியைத் தணிக்கும். ஒளி பொய் சொல்வதில்லை. சிலருக்குத் தணிந்தும் இருக்கிறது. பொய் சொன்னது யார் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆங் மோ கியோவில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீன். அங்கே பதினெட்டு ஆண்டுகளாக நின்றுகொண்டே மீ சியாம் நூடுல்ஸ் விற்பவர் அல்போன்சம்மாள். என் அப்பாவின் அக்காள். அதோ, மூன்றாம் வரிசை ஓரத்தில், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் கட்டுமாக இருக்கிறாரே, அவர்தான். எழுந்திருக்க வேணாம் அத்தை. உக்காருங்க. அப்படி முறைக்கவும் வேணாம்.

நின்று நின்று அத்தைக்குப் பாதம் எரியும். சர்க்கரை வேறு. பிப்ரவரி மாதம் ஒரு மாலை, அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பட்டையை விரித்தேன்.

'என்னடா இது, கிறிஸ்மஸ் லைட்டா?' என்றார்.

'கால் வலிக்கு அத்தை. சாயந்தரம் இருவது நிமிஷம் சுத்திக்கிட்டா போதும்.'

'எனக்குச் சுகர் இருக்கே. பாதம் வேற அப்பப்ப மரத்துப் போகுது. ஆகுமா?'

'எல்லாத்துக்கும் ஆகும் அத்தை.'

எல்லாத்துக்கும் ஆகும். மருத்துவம் படித்தவர் யாரும் சொல்லத் துணியாத சொல். படிப்பை விட்டவன் சொல்லிவிட்டேன்.

பிறகு அட்டையை எடுத்தேன். நிற அட்டை. அதில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் பால் நிறம். இரண்டாவது சந்தனம். மூன்றாவது தேன். நான்காவது புளி. ஐந்தாவது பால் விடாத கோப்பி ஓ. எதற்கு இந்த அட்டை? கறுத்த தோல் ஒளியை அதிகம் குடிக்கும். குடித்ததெல்லாம் சூடாகும். ஆகையால் கறுத்த தோலுக்குப் பட்டை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கண் கிடையாது. நாம் அழுத்துகிற எண்ணை நம்பித்தான் அது எரியும்.

அத்தை அட்டையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

'நான் எதுடா?'

அவையோரே, பட்டைக்குக் கண் இல்லை. எனக்கு இருக்கிறதே. அத்தை ஐந்து. என் அப்பா ஐந்து. நான் ஐந்து. என் ஞானஸ்நானப் படத்தில் வெள்ளைச் சட்டையும் இரண்டு கண்ணும் மட்டும்தான் தெரியும். தெரிந்தும் நான் சொன்னது என்ன?

'உங்களுக்கு என்ன அத்தை, மாநிறம்தானே. ரெண்டு.'

அழுத்தினேன்.

அத்தை சிரித்தார். 'போடா, நல்லா வியாபாரம் பேசறே' என்றார். கொஞ்சம் கழித்து, யாரும் கேட்காமலே, 'சின்ன வயசுல நான் கலராதான் இருந்தேன். அடுப்புல நின்னுதான் இப்படி ஆயிட்டேன்' என்றார்.

நான்காம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். 'வேய்னு, பாதத்துல கறுப்பா தடம் விழுந்திருக்குடா.' நான் சொன்னேன், 'லைட் வேலை செய்யுது அத்தை. விடாம போடுங்க.' போட்டார். நான் சொன்னேன் என்று போட்டார். மரத்த பாதம், சுடுவது தெரியவில்லை. ஒன்பதாம் நாள், மகள் அமலா வீட்டைக் கூட்டும்போது தரையில் ஈரத் தடம் பார்த்தாள். அது தண்ணீர் இல்லை. கொப்புளம் உடைந்து, புண் அழுகி, மருத்துவமனையில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள்.

அத்தைக்கு இரண்டு விரல் போயிற்று. அழுத்திய விரல் எது தெரியுமா? இதோ. பத்திரமாக இருக்கிறது.

அமலா நிறுவனத்துக்கு எழுதினாள். பதில் வந்தது. 'கருவியில் குறை ஏதுமில்லை. பயனர் தமது தோல் நிறத்தைத் தவறாகத் தெரிவித்துள்ளார்.' விசாரிக்க வந்த அதிகாரியிடம் அத்தை என்ன சொன்னார்? 'ஆமா, நான்தான் அழுத்தினேன்.'

வார்டில் போய் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். 'உனக்கு இருக்கறதே ஒரு வேலை. அதையும் விட்டுட்டு எங்கடா போவே?' என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார், 'நீ ரெண்டுன்னு சொன்னப்ப எனக்கும் பிடிச்சிருந்துச்சு. வேணாம்னு நான் சொல்லலையே.'

யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். தயவுசெய்து. உங்களிடம் கேட்க எனக்குக் கேள்விகள் இருக்கின்றன.

பிள்ளை பிறந்ததும் முதல் கேள்வி, ஆணா பெண்ணா. அடுத்த கேள்வி என்ன? சொல்லுங்கள். சத்தமாச் சொல்லுங்கம்மா. ஆங். 'கலரா இருக்கா?' சுகமாக இருக்கிறதா என்பது மூன்றாவது. வாடகைக்கு அறை கேட்டுப் போனால் நம் தோலைப் பார்த்துக் கதவு சாத்துகிறார்கள் என்று கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். அதே கையோடு வீட்டுக்கு வந்து வரன் விளம்பரத்துக்கு என்ன எழுதுகிறோம்? 'மாநிறம்.' மையிருட்டில் மறையும் மகளுக்கும் மாநிறம். கரித்துண்டைக் கையில் கொடுத்தால் காணாமல் போகும் மகனுக்கும் மாநிறம். படத்தில் பளபளப்பு, பவுடரில் பளபளப்பு, பொய்யில் பளபளப்பு. இத்தனை காலம் அந்தப் பொய்யால் நமக்கு வலித்தது, ஆனால் புண் ஆகவில்லை. இப்போது பொய்யை நம்புகிற கருவி ஒன்று வந்துவிட்டது. நாம் சொன்னதைச் சொன்னபடி கேட்கிறது. சுடுகிறது.

சிரிங்க. சிரிக்க வேண்டிய இடம் இனிமேதான் வருது.

இன்று இந்த மேடையில் நாற்பது தாய்மார்களுக்கு ஒளிப்பட்டை அன்பளிப்பு. பின்னால் மேசையில் நாற்பது பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. உங்கள் படிவத்தைப் பார்த்து ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணை முன்கூட்டியே அழுத்தி வைத்துவிட்டார்கள், வீட்டில் உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று. மேடை ஏறுமுன் அந்தப் படிவங்களைப் புரட்டிப் பார்த்தேன். 'ஒன்று' எழுதியவர் மூன்று பேர். 'இரண்டு' எழுதியவர் இருபத்தொன்பது பேர். 'மூன்று' எழுதியவர் எட்டுப் பேர். நான்காம் கட்டத்தில் யாருமில்லை. ஐந்தாம் கட்டத்தில் யாருமில்லை. நம் மன்றத்தில் இவ்வளவு வெள்ளைக்காரர்கள் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

'ஒன்று' போட்ட மூவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். கமலா ஆன்ட்டி, நீங்க ஏன் கையை முந்தானைக்குள்ள ஒளிக்கிறீங்க?

மணி அடிச்சிட்டீங்களா அக்கா? அடிங்க. ரெண்டாவது மணியும் சேத்தே அடிச்சிடுங்க. நான் இறங்கினதும் பரிசளிப்பு, அதனாலதான் இறங்க மாட்டேங்கறேன்.

தலைவர் ஐயா ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். 'வாழ்த்திப் பேசி முடிக்கவும்.' ஐயா, நீங்கள் நல்லவர். மூன்று மாதம் அலைந்து இந்த நாற்பது பட்டைகளை வாங்கி வந்தீர்கள். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஐயா, உங்கள் வீட்டம்மா படிவமும் என் கையிலிருக்கும் இந்தப் படிவக் கட்டில் இருக்கிறது. என்ன எண் என்று நீங்களே வந்து பாருங்கள். பார்த்துவிட்டு, நான் முடிக்கவா தொடரவா என்று சொல்லுங்கள்.

லொரைன் மேடம் எழுந்துவிட்டார். 'வேய்ன், எனஃப் லா' என்கிறார். மேடம், பயிற்சி வகுப்பில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஐந்தில் வைத்தால் இருபது நிமிடம் ஒரு மணி நேரமாகும். சூடு தெரியாது. சூடு தெரியாவிட்டால் வேலை செய்யவில்லை என்று திருப்பித் தந்துவிடுவார்கள். 'கஸ்டமர் முகம் வாடக் கூடாது, ரெண்டுல ஆரம்பிங்க' என்றீர்கள். எங்கள் முகம் எதைச் சொன்னால் வாடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சரக்காக்கினீர்கள். அதில் பாதி உங்கள் பங்கு. மீதி என்னுடையது. இதைச் சொன்ன பிறகு எனக்கு வேலை இருக்காது என்று தெரியும். அதைத்தானே அத்தை காப்பாற்றிக் கொடுத்தார். இந்தாருங்கள், வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இந்த அவையில், இத்தனை பேர் சாட்சியாகச் சொல்கிறேன். அல்போன்சம்மாள் தவறாகத் தெரிவிக்கவில்லை. கேட்டார். 'நான் எதுடா' என்று கேட்டார். தவறாகச் சொன்னவன் நான். அழுத்தியவன் நான். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அமலாவிடம் கொடுத்துவிட்டேன். அத்தை, நீங்க சொன்ன பொய்யை நான் திருப்பிக் கொடுத்துட்டேன்.

இனி உங்கள் முறை. அந்த நாற்பது படிவங்களும் இதோ, என் கையில். கிழிக்கப் போகிறேன்.

கிழித்தாயிற்று. அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட இன்று இப்படியே வாசலைத் தாண்டக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள், கால் மரத்துப் போகிறவர்கள், பெட்டியைத் தொடவே வேண்டாம். முதலில் டாக்டரிடம் போங்கள், எல்லாத்துக்கும் ஆகும் என்று எவன் சொன்னாலும். மற்றவர்கள் இங்கே வாருங்கள். இந்தக் குழல்விளக்கு வெளிச்சத்தில், காலை அட்டையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் மறுபடியும் சந்தனமாகிவிடுவோம்.

வெட்கமாக இருக்கிறதா? எனக்கும்தான். இதோ வெற்றுப் படிவங்கள், நானே தொடங்குகிறேன். வேய்ன் சவரிராஜ். ஐந்து.

என்ன, யாரையும் காணோம்?

சொல்லுங்க கமலா ஆன்ட்டி. 'நாலு போட்டுக்க'வா? ஆன்ட்டி, இது தேக்கா மார்க்கெட் இல்ல, பேரம் பேச. இன்னொரு தடவை காலைப் பாத்துச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.

யார் அது? அத்தை, உங்களை எழுந்திருக்க வேணாம்னு சொன்னேனே. தம்பி, அந்த நாற்காலியைக் கொஞ்சம் பிடி. மைக் வேணாமா? சரி, சத்தமா சொல்லுங்க.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நான் திருப்பிச் சொல்கிறேன். 'அல்போன்சம்மாள். அஞ்சு. எப்பவும் அஞ்சுதான். எழுதிக்கோடா.'

எழுதிக்கிட்டேன் அத்தை.

கேட்டவர்களுக்கு நன்றி. கேட்கப் பிடிக்காமலும் எழுந்து போகாதவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. மணியை மறுபடி அடிக்காத நிரஞ்சனா அக்காவுக்கும், சீட்டை மறுபடி அனுப்பாத தலைவர் ஐயாவுக்கும் என் வணக்கம். பேனா என்னிடம் இருக்கிறது, அடுத்த படிவம் வெறுமையாக இருக்கிறது. கமலா ஆன்ட்டி, வாங்க, நீங்கதான் அடுத்தது.