ஐந்துக்கு நாலரை

தர்பூசணி எனக்கு எப்போதுமே அவ்வளவாகப் பிடித்ததில்லை. விதையைத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கையெல்லாம் பிசுபிசுக்கும். ஆனால் மே மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடக்கும் சுட்ட கறி விருந்து அது இல்லாமல் நடக்காது. என் மனைவி லோர்னா அப்படி வளர்ந்தவள். அவள் தம்பி வெர்லினும் அப்படித்தான். அதனால் நடந்ததை அந்தப் பழத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், நதீன் மேடம். ஷெரீஃப் ஆபீசிலிருந்து நீங்கள் வந்தது தொங்கிக்கொண்டிருந்த உடலைப் பற்றிக் கேட்கத்தான் என்று தெரியும். அதற்கும் வருகிறேன்.

வீடுகளுக்கு ஏசி மாட்டுவது என் பிழைப்பு. ஆனால் உண்மையில் நான் கத்திகளை மதிப்பிடுகிறவன். கராஜில் கேமராவை வைத்து, ஒரு கத்தியின் குணம் குற்றம் இரண்டையும் சொல்லி, ஐந்துக்கு இவ்வளவு என்று புள்ளி கொடுப்பேன். பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் விவரம் தெரிந்தவர்கள். ஒருவர் பின்லாந்திலிருந்து பார்க்கிறார். என் வார்த்தையை நம்பித்தான் அவர் கத்தி வாங்குகிறார்.

இந்தக் கத்தி ஏப்ரலில் வந்தது. ஜப்பானியப் பாணியில் செய்த நீளக் கத்தி. முனை உளியைப் போலச் சாய்ந்திருக்கும், பிடியில் கறுப்புக் கயிறு குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருக்கும், முதுகு நல்ல தடிமன். போர்க்களத்துக்கு உகந்தது என்று பெட்டியில் போட்டிருந்தது. "இந்த மிசௌரியில எந்தப் போர்க்களம்?" என்று லோர்னா கேட்டாள். எதற்கும் தயாராக இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது.

விருந்தன்று எல்லோரும் சுற்றி நிற்க, பழத்தை நானே வெட்டுகிறேன் என்று இந்தக் கத்தியை எடுத்தேன். பாதி வரை இறங்கியது, அங்கேயே நின்றுவிட்டது. இழுத்தேன். கத்தியோடு பழமும் மேலே வந்தது. இரண்டையும் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

"என்ன மாமா, அதக் குத்திட்டீங்க, சரி. இப்ப எறக்கி வெப்பீங்களா, இல்ல ஊரு பூரா தூக்கிட்டுச் சுத்தப் போறீங்களா?" என்றான் வெர்லின்.

எல்லோரும் சிரித்தார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். லோர்னாவும் சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அது எனக்கு வலித்தது. பிறகு சமையலறையிலிருந்து மஞ்சள் பிடி போட்ட ரொட்டிக் கத்தியைக் கொண்டுவந்து, பேசிக்கொண்டே பழத்தைத் துண்டு போட்டாள்.

கோபக்காரன் என்றால் அன்றைக்கே எதையாவது போட்டு உடைத்திருப்பான். நான் முறையான சோதனைகளைத் தொடங்கினேன். முதலில் அட்டைப்பெட்டி, கயிறு. ஜப்பானில் கோரைப்பாயைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சுருட்டி வெட்டுவார்களாம். எங்கள் பக்கம் கோரைப்பாய் கிடைக்காது. லோர்னாவின் யோகா விரிப்பு இருந்தது. பிறகு பக்கத்து வீட்டு ஓப்பல் அம்மாளின் தோட்டக் குழாய். பிறகு தீயணைப்பு நிலையத்தின் குழாய். எங்கள் ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படைக்கு வெர்லின்தான் தலைவன் என்பது தற்செயல். குழாய் பழையது என்றுதான் நினைத்தேன். உறையைப் பிரித்தபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை.

கடைசிச் சோதனை பன்றிக்கறி. கறியைத் தொங்கவிட்டு, மேலே துணி போர்த்தி வெட்டுவது எங்கள் துறையில் எல்லோரும் செய்வது. ஒரு துண்டு போதும். ஆனால் சனிக்கிழமை ஊர் விருந்துக்காகத் தீயணைப்புப் படை வாங்கிய, அறுத்துச் சுத்தம் செய்த முழுப் பன்றி என் கராஜில்தான் இருந்தது. வேட்டையாடிய மானைத் தொங்கவிடும் குளிர் அறை எங்கள் தெருவில் என்னிடம்தான் இருக்கிறது. "மாமா, ஊரே சாப்புடப் போற பன்னி, பத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் வெர்லின் மீன் பிடிக்கப் போனான். மூன்று நாள் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

பன்றிக்குப் போர்த்தத் துணி வேண்டும். லோர்னாவின் பெட்டியில் வெர்லின் பள்ளிக்கூடக் கால்பந்தில் வாங்கிய ஜாக்கெட் இருந்தது. உடம்புப் பகுதி கம்பளி, கை தோல். சோதனைக்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. நெஞ்சில் தங்க நூலில் அவன் பெயர் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும். தலை மொட்டையாக இருந்தால் உயரம் சரியாக வராது என்று அவன் தொப்பியையும் வைத்தேன். பூட்ஸ், எடைக்காக. மீசை நான் வரைந்தது. அதற்கு எந்தக் காரணமும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஓப்பல் அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, வெர்லின்தான் தொங்குகிறான் என்று உங்களுக்குப் போன் செய்ததும், வெர்லினுக்கு ஏரியில் போன் கிடைக்காததும், நீங்கள் இத்தனை காரில் வந்ததும் எனக்குப் புரிகிறது. உங்கள் ஆள் ஒருவர் தொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. வீடியோவில் "இப்பச் சிரிடா, பாக்கலாம்" என்று ஒரு குரல் கேட்கிறது என்கிறீர்கள். அது மைக் வேலை செய்கிறதா என்று பார்த்தது.

கத்தி அருமையாக வெட்டியது. தோல், கம்பளி, விலா எலும்பு, எல்லாம் போயிற்று. சனிக்கிழமை ஊருக்கு விருந்து இல்லை, அந்தப் பழி என்னுடையது. பன்றி, ஜாக்கெட், குழாய், என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் லோர்னாவிடம் சொல்லாதீர்கள். பன்றி முடிந்த தெம்பில் ஒரு தர்பூசணியை வைத்து வெட்டினேன். பாதியில் நின்றுவிட்டது. அதே இடம். கேமராவை அணைத்தேன். சமையலறைக்குப் போய் ரொட்டிக் கத்தியை எடுத்துவந்து வெட்டினேன். இரண்டு பாதியையும் விரித்து, நடுவில் இந்த நீளக் கத்தியை வைத்து, மறுபடி கேமராவைப் போட்டு, "பார்த்தீர்களா" என்றேன். வீடியோவைப் போட்டதும் பின்லாந்துக்காரர் அதை நம்பிவிட்டார். நான் செய்த குற்றம் அதுதான், மேடம்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"ஓரின், லோர்னா காலையிலயே கராஜுக்கு வந்தாங்க. ஜாக்கெட்ட ஒரு பார்வ பாத்தாங்க. அவங்க ரொட்டிக் கத்திய மட்டும் குடுங்கன்னாங்க."

"வேற ஏதாவது சொன்னாளா?"

"அதுல சாறு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. ஒரு விதையும். அதப் பாத்தாங்க. உங்க நீளக் கத்தியப் பாத்தாங்க. அப்புறம் நாற்காலியப் பிடிச்சுக்கிட்டாங்க." வாசல் பக்கம் பார்த்தீர்கள். "வெளிய கார்ல ஒக்காந்திருக்காங்க. சிரிப்பு இன்னும் நின்னபாடில்ல."

சரி. அப்படியானால் மதிப்பெண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஐந்துக்கு நாலரை. குறைத்த அந்த அரையும் கத்தியின் குற்றமல்ல. பழம் சரியாகப் பழுத்திருக்கவில்லை.